பித்தளை நீளும் கணக்கு

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: குண்டு, வெடிமருந்து, அடியில் பொறி கொடுக்கும் பிரைமர், இவை மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பித்தளைக் கூடு. சுட்ட பிறகு முதல் மூன்றும் தீர்ந்துவிடும். மறுபடி உதவுவது கூடு மட்டுமே. தோட்டாவின் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பதால், அமெரிக்காவில் குறி சுடுவோரும் வேட்டைக்காரர்களும் சுட்ட கூட்டைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். வீட்டின் பின்கட்டில் ஒரு மேசை, அதில் திருகி வைத்த ஒரு கை அழுத்தி, கூட்டை நெரித்து வடிவம் திருத்தும் சில டைகள், அளவு பார்க்க ஒரு காலிப்பர். இவற்றை வைத்து அதே கூட்டை மறுபடியும் நிரப்புகிறார்கள். 1870களில் காட்டெருமை வேட்டையாடியவர்களே பாசறையில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறார்கள். 1884இல் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் இடுக்கி வடிவக் கருவியை விற்கத் தொடங்கியதும் இது வீட்டுத் தொழில்நுட்பமாகவே ஆகிவிட்டது.

இந்தப் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. 1860களில் இருவகைப் பிரைமர்கள் வந்தன. ஒன்றை வடிவமைத்தவர் ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர், மற்றொன்றை வடிவமைத்தவர் அமெரிக்கரான ஹைரம் பெர்டான். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே துளை. பெர்டான் முறையில் நடுவில் ஒரு முனையும், அதன் பக்கங்களில் சிறு துளைகளும். கடைசியில் அமெரிக்கர்கள் ஆங்கிலேயர் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள், ஐரோப்பா அமெரிக்கர் வடிவத்தை எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரே துளை இருந்தால் ஒரு கம்பியை உள்ளே விட்டு எரிந்த பிரைமரை நெம்பித் தள்ளிவிடலாம். அந்தக் கம்பியை அளவு திருத்தும் டையின் நடுவிலேயே பொருத்திவிட்டார்கள். ஒரே அழுத்தில் கூடு சுருங்கும், பழைய பிரைமரும் கீழே விழும்.

கூட்டை ஏன் சுருக்க வேண்டும்? சுடும்போது அது விரிகிறது, விரியத்தான் வேண்டும். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 1952இல் விற்பனைக்கு வந்தது, இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. அதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,200 மடங்கு. இந்த அழுத்தத்தில் பித்தளைச் சுவர் பலூனாக உப்பித் துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான வாயு பின்னால் கசிந்து சுடுபவர் முகத்தில் அடிக்காமல் இருப்பது இதனால்தான். அழுத்தம் இறங்கியதும் பித்தளை சற்றே உள்வாங்க வேண்டும். உள்வாங்காவிட்டால் கூடு அறைக்குள் இறுகிவிடும், வெளியே எடுக்க முடியாது.

எவ்வளவு உள்வாங்கும் என்பதை எளிய வகுத்தலில் சொல்லிவிடலாம். ஓர் உலோகம் நிரந்தரமாக உருமாறாமல் தாங்கக்கூடிய தகைவை அதன் விறைப்பால் வகுத்தால், அது எத்தனை விழுக்காடு மீளும் என்று கிடைக்கும். கடினமாக்கப்பட்ட பித்தளை சுமார் 450 மெகாபாஸ்கல் தாங்கும், அதன் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். வகுத்தால் 0.4 விழுக்காடு. .308 கூட்டின் அடிப்பகுதி விட்டம் சுமார் 12 மி.மீ. என்பதால், அது 0.05 மி.மீ. அளவுக்கு உள்வாங்கும். இளகிய பித்தளை தாங்குவது 100 மெகாபாஸ்கல்தான், ஆகவே அது 0.01 மி.மீ. மட்டுமே மீளும். சாதாரண மென் எஃகை எடுத்தாலும் மீட்சி கடினப் பித்தளை அளவுக்கு வராது; எஃகு வலுவானதுதான், ஆனால் விறைப்பும் இருமடங்கு. துப்பாக்கி அறையும் சுடும்போது இம்மியளவு விரிந்து திரும்புவதால், கூடு அதைவிட அதிகமாக உள்வாங்கினால்தான் இடைவெளி கிடைக்கும். தோட்டாவுக்குப் பித்தளை வாய்த்தது துருப்பிடிக்காது என்பதற்காக மட்டும் அல்ல, இந்த 0.05 மி.மீ.க்காகவும்தான்.

அந்தப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். துத்தநாகம் ஏறத்தாழ 35 விழுக்காட்டைத் தாண்டினால் இன்னொரு படிக அமைப்பு தலைகாட்டும். குளிர்நிலையில் இழுத்தால் அது எளிதில் வெடிக்கும். 30இல் நிறுத்தினால் உலோகம் நன்றாக இழுபடும், அடிபட அடிபட நன்றாக இறுகவும் செய்யும். கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் அடிப்பவர் சிறிது நேரம் தட்டியதும் தகட்டை உலையில் வைத்துக் காய்ச்சிவிட்டு மறுபடி தட்டுவாரே, அதே சங்கதிதான் தோட்டாத் தொழிற்சாலையிலும். வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைக் குழாயாக இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே காய்ச்சி இளக்குகிறார்கள். படிகங்களுக்குள் இருக்கும் இடப்பெயர்வுகள் என்ற கோட்டுக் குறைகள் ஒவ்வொரு அடியிலும் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் நிற்பதே இறுக்கம். காய்ச்சினால் புதிய படிகங்கள் முளைக்கும், சிக்கல் அவிழும்.

முடிவில் கூடு முழுவதும் ஒரே கடினத்தில் இருக்காது, இருக்கவும் கூடாது. அழுத்தத்தை நேரே தாங்கும் அடிப்பகுதி மிகக் கடினம். நடுச்சுவர் நடுத்தரம். குண்டைப் பிடிக்கும் கழுத்து இளக்கம், ஏனென்றால் அது விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும், வெடிக்கவும் கூடாது. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்புமான நிறமாற்றம் கடைசியாகக் காய்ச்சியதன் தடம். கடைச் சரக்கில் அதை மெருகேற்றி அழித்துவிடுகிறார்கள்.

இனி டைக்கு வருவோம். டை என்பது உள்ளே தோட்டா வடிவில் குடையப்பட்ட கடின எஃகு உருளை. அழுத்தியில் திருகும் மறை பெரும்பாலும் ஒரே அளவு: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு டை தேர்ந்தெடுப்பதில் யோசிக்க ஒன்றும் இல்லை. .38 ஸ்பெஷல், .45 ஏசிபி போன்ற நேர்ச்சுவர்க் கூடுகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த டை வாங்கினால் போதும். எண்ணெய்கூடத் தடவ வேண்டாம். அழுத்தமும் குறைவு, கூடு நீள்வதும் அபூர்வம். பலர் இவற்றை வெட்டிச் சமன் செய்வதே இல்லை, அதில் தவறும் இல்லை.

தலைவலி எல்லாம் உடம்பு சரிந்து குறுகும் தோளும், அதன்மேல் கழுத்தும் உள்ள ரைபிள் கூட்டில்தான். அதற்கு எஃகு டைதான் வழக்கம், மசகும் கட்டாயம். ஆட்டுரோமக் கொழுப்பான லனோலின் கலந்த மசகு பலருடைய விருப்பம். மசகு போதாவிட்டால் கூடு டைக்குள் சிக்கிக்கொள்ளும், பிறகு அடியைத் துளையிட்டு மறையேற்றி இழுத்தால்தான் வரும். மிஞ்சினாலும் தொல்லைதான்: வழிய இடமில்லாத எண்ணெய் தோளில் பள்ளம் விழவைக்கும்.

ரைபிள் டைகளில் முக்கியமாக மூன்று வகை. முழுநீள டை உடம்பு, தோள், கழுத்து மூன்றையும் சுருக்கும். கழுத்து டை பெயருக்கேற்பக் கழுத்தை மட்டும். சிற்றடி டை முழுநீள டையைவிடவும் சற்று இறுக்கமாக, அடிப்பகுதி வரை நெரிக்கும். தானாகவே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள்களுக்கும், வேறொருவர் துப்பாக்கியில் சுட்டு வீங்கிய கூடுகளுக்கும் அது தேவைப்படலாம். கழுத்து டைக்கு ஒரு காலத்தில் பெரிய மவுசு இருந்தது. கூடு ஒரு துப்பாக்கி அறையில் விரிந்து அதே வடிவத்தை எடுத்திருக்கிறது, அதை ஏன் கலைக்க வேண்டும், அதே துப்பாக்கிக்குத்தானே திரும்பப் போகிறது என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் உடம்பு கொஞ்சம் விரிந்துகொண்டே போய், சில சுடுதல்களுக்குப் பிறகு அறையைப் பின்னாலிருந்து மூடும் தாழ்ப்பாள் முரண்டு பிடிக்கத் தொடங்கும். அப்போது முழுநீள டையைத் தேடித்தான் ஆக வேண்டும். இன்று போட்டிகளில் சுடுவோரில் பலர் முழுநீள டைக்கே திரும்பிவிட்டார்கள். தோளை 0.05 மி.மீ. மட்டும் பின்தள்ளும்படி அதை அமைத்துக்கொள்கிறார்கள்.

இந்த அமைப்பில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். டையோடு வரும் தாளில் வழக்கமாக இருக்கும் வாசகம்: கீழே கூட்டின் அடியைப் பிடித்திருக்கும் பிடியைத் தொடும்வரை திருகு, பிறகு இன்னும் கால் சுற்று. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும் என்ற கவலையில் எழுதிய வாசகம் அது. அங்குலத்துக்கு 14 சுற்று என்றால் ஒரு சுற்று 1.8 மி.மீ., கால் சுற்று 0.45 மி.மீ. அழுத்தியின் தளர்ச்சியில் அதில் ஒரு பகுதி கரையும் என்றாலும், நமக்கு வேண்டியது 0.05 மி.மீ., அதாவது வெறும் 10 பாகைத் திருகல். கால் சுற்று என்பது 90 பாகை. தாளில் சொன்னபடி செய்தால் பல துப்பாக்கிகளில் தோள் தேவைக்கு மேல் பின்னால் போய்விடுகிறது.

போனால் என்ன? அடுத்த முறை சுடும்போது அந்தக் கூடு அறையின் நீளத்தைவிடக் குட்டையாக இருக்கும். சுடும் ஊசி அதை முன்னால் தள்ளும். அழுத்தம் ஏறியதும் மெல்லிய முன்சுவர் அறைச் சுவரைக் கவ்விக்கொண்டு அசையாது. தடித்த அடிப்பகுதி கவ்வாது, பின்னால் தள்ளப்பட்டுத் தாழ்ப்பாளில் போய் மோதும். முன்னால் பிடிப்பு, பின்னால் இழுப்பு என்றால் நடுவில் உள்ள உலோகம்தான் நீள வேண்டும். நீளும் இடம் எப்போதும் ஒன்றே: தடித்த அடி முடிந்து சுவர் தொடங்கும் குறுகிய வளையம். ஒவ்வொரு முறையும் 0.2 மி.மீ. இப்படி நீள்கிறது, வளையத்தின் அகலம் 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 4 விழுக்காடு மெலிவு. பத்து முறையில் சுவரின் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

போன உலோகம் மாயமாகிவிடாது. பித்தளை வளையும், ஓடும். கன அளவில் குறையாது. டை உடம்பை நெரித்து, தோளைப் பின்னுக்குத் தள்ளும்போது உபரி உலோகம் வேறு போக்கிடம் இல்லாமல் கழுத்துப் பக்கம் நகர்கிறது. அடியில் இருந்த துகளே வாய்க்கு வந்து சேர்வதில்லை. வரிசையில் ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. இதற்கு மேல், டையின் நடுக்கம்பியில் இருக்கும் உருண்டை வேறு. பல டைகள் கழுத்தைத் தேவைக்கு மேல் நெரித்துவிட்டு, கூடு வெளியே வரும்போது அந்த உருண்டையால் உள்ளிருந்து விரிக்கின்றன. கழுத்தின் உள்ளே மசகு இல்லாவிட்டால் உருண்டை கழுத்தையே பிடித்து இழுத்து நீட்டிவிடும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் காதில் ஒரு கிறீச்சொலி கேட்டால் அது இதுதான். கழுத்து வளையத்தை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டைகள் இதற்கு நல்ல மருந்து. கழுத்துச் சுவரின் தடிமனைப் பார்த்து, வேண்டிய அளவுக்கு மட்டும் நெரிக்கும் வளையத்தைப் போட்டுக்கொள்ளலாம். விலை சற்றுக் கூடுதல்தான்.

ஆக, கூடு நீள்கிறது. நீண்டால் வெட்ட வேண்டும். .308 கூட்டின் உச்ச நீளம் 51.18 மி.மீ., வெட்டி நிறுத்த வேண்டிய நீளம் 50.93. .30-06 கூட்டுக்கு 63.35, 63.09. .223 ரெமிங்டனுக்கு 44.70, 44.45. எல்லாவற்றிலும் இடைவெளி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். உச்சத்தைத் தாண்டினால் வெறும் நீளக் கோளாறோடு விஷயம் நிற்காது. கூட்டின் வாய் அறையின் முடிவில் இருக்கும் குறுகலில் போய் முட்டி, உள்பக்கம் நெரிந்து குண்டை இறுகப் பற்றும். விட வேண்டிய நேரத்தில் குண்டை விடாது. அழுத்தம் எங்கேயோ போய்விடும். தாழ்ப்பாளை மூடும்போது கை அதை உணராமலும் போகலாம், நெம்புவிசை அத்தனை பலமானது. அதனால் நீளத்தைக் கையால் அல்ல, காலிப்பரால்தான் முடிவு செய்ய வேண்டும்.

அளப்பதிலும் வரிசை உண்டு. சுட்டவுடன் அளந்தால் கணக்கு பொய். டையில் அழுத்தும்போதுதான் நீளம் கூடுகிறது என்பதால், முதலில் அளவு திருத்தம், பிறகு மசகைத் துடைத்துவிட்டு அளவை, அதற்கும் பிறகே வெட்டு. வெட்டும் கருவி குட்டி லேத்தைப் போன்றது. அடியைப் பிடிக்கும் பிடி ஒரு பக்கம், கழுத்துக்குள் நுழையும் வழிகாட்டி முளையும் வெட்டுப்பல்லும் மறுபக்கம். கையால் சுற்றுவதும் உண்டு, மோட்டாரும் உண்டு. வெட்டிய வாயில் பிசிறு நிற்கும். உள்ளும் புறமும் சிறு சாய்வு சீவிப் பிசிறை எடுத்துவிட வேண்டும். உள்சாய்வு இல்லாவிட்டால் குண்டு ஏறும்போது அதன் செம்புச் சட்டை சுரண்டப்படும். சீவும் கை அதிகம் அழுத்தினால் வாய் கத்தி முனையாகிவிடும், அதுவும் ஆகாது.

கால் மில்லிமீட்டர் வெட்டினால் எவ்வளவு உலோகம் விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், .308 கழுத்துக்குச் சுமார் 20 மில்லிகிராம். கூட்டின் மொத்த எடை 11 கிராம் அளவில் இருக்கும்போது இது தூசு. ஆனால் அந்தத் தூசு எவ்வளவு அடிக்கடி விழுகிறது என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. ஒவ்வொரு முறையும் வெட்ட வேண்டியிருக்கிறது என்றால் டை அமைப்பில் கோளாறு இருக்கிறது என்று பொருள். வெட்டுக் கருவியை வேகமான மோட்டார் கருவியாக மாற்றிக்கொள்வது நோயை விட்டு அறிகுறிக்குச் செலவு செய்வது. முதலில் தோள் எங்கே நிற்கிறது என்று அளக்க வேண்டும். .308 தோளில் விட்டம் 10.16 மி.மீ. இருக்கும் இடம் அளவைக்கான குறிப்பு வட்டம். அந்தத் துளையுள்ள சிறு துண்டைக் காலிப்பரில் மாட்டி, சுட்ட கூட்டையும் டையில் அழுத்திய கூட்டையும் அளந்து கழித்தால் தோள் எவ்வளவு பின்தள்ளப்படுகிறது என்று தெரிந்துவிடும். கைத் தாழ்ப்பாள் ரைபிளுக்கு 0.05 மி.மீ. போதும், தானியங்கி ஏற்றம் உள்ளதற்கு 0.1 அளவில் வைக்கலாம். இந்தச் சிறு துண்டின் விலை ஒரு நல்ல வெட்டுக் கருவியின் விலையில் சொற்பம். என்னைக் கேட்டால் டை வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிட வேண்டும், வெட்டுக் கருவியைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இவ்வளவு கவனித்தும் கழுத்து மட்டும் தப்பாது. ஒவ்வொரு சுற்றிலும் விரிந்து, சுருங்கி, மறுபடி விரிந்து அது இறுகிக்கொண்டே வரும். கடைசியில் நெடுக்காகப் பிளக்கும். சிலர் சில சுற்றுக்கு ஒருமுறை கழுத்தைத் தீச்சுடரில் காட்டி இளக்கி, உடனே தண்ணீரில் போடுகிறார்கள். எஃகைப் போலப் பித்தளை தண்ணீரில் போட்டால் கடினமாகாது. தண்ணீரின் வேலை சூட்டைக் கீழே இறங்கவிடாமல் தடுப்பது மட்டுமே. பித்தளை வெப்பத்தை நன்றாகக் கடத்தும் உலோகம், ஆகவே சூடு அடிவரை இறங்க அதிக நேரம் ஆகாது. அடி இளகிய கூடு பார்வைக்கு நல்ல கூடு மாதிரியே இருக்கும். அதைச் சுடுவதைப் போன்ற மடமை இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

கழுத்து பிளப்பதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் மழைக்காலம் வந்தால் படை நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாத, ஒருமுறைகூடச் சுடாத கூடுகள் விரிசல் விட்டிருக்கும். பருவத்தோடு வரும் நோய் என்பதால் பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வந்தது. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் 1921இல் வெளியிட்ட ஆய்வு புதிரை விடுவித்தது. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா, மழைக்கால ஈரம், குண்டைப் பிடிக்க நெரித்த கழுத்தில் தங்கியிருந்த உள்தகைவு, மூன்றும் சேர்ந்துதான் காரியம் நடந்தது. அம்மோனியா ஈரத்திலும் காற்றிலும் செம்போடு சேர்ந்து கரையக்கூடிய நீலநிறச் சேர்மமாகிறது. படிக எல்லைகளில் அரிப்பு இறங்குகிறது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் இழுப்பு அதைப் பிளந்துவிடுகிறது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் விரிசல் இல்லை. குதிரைகளை மாற்ற முடியாது, மழையை நிறுத்த முடியாது. உள்தகைவைப் போக்கலாம் அல்லவா? 250 முதல் 300 பாகை செல்சியஸ் அளவில் மிதமாகக் காய்ச்சினால் கடினம் பெரிதாகக் குறையாமல் தகைவு தளர்ந்துவிடுகிறது. அம்மோனியா கலந்த பித்தளை மெருகு நீர்மத்தால் கூடுகளைத் துலக்காதே என்று இன்றும் சொல்லப்படுவது இந்த லாயங்களின் பாடம்தான். மக்காச்சோளச் சக்கைத் தூளிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ போட்டுக் குலுக்கினாலே கூடு பளபளத்துவிடும்.

இந்தியாவில் இதை வீட்டு மேசையில் செய்துபார்க்க நினைக்க வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா உருவாக்குவது குற்றம்.

உரிமத்தோடும் உபகரணத்தோடும் இதைச் செய்கிற நாடுகளில், டைப் பெட்டியைவிடப் பெரிய பாதுகாப்பு ஒரு காகிதக் கிளிப்பில் இருக்கிறது. அதை நிமிர்த்தி, முனையைச் சிறிது வளைத்து, கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மேலே இழுத்துப் பார்ப்பார்கள். உள்சுவர் மெலிந்திருந்தால் முனை ஒரு பள்ளத்தில் இடறும். வெளியே அதே மட்டத்தில் பளிச்சென்று ஒரு கோடு ஓடுவதும் தெரியலாம். அப்படி இடறிய கூட்டுக்கு எந்த டையும் எந்த வெட்டும் உதவாது. வாயை நசுக்கிப் பழைய பித்தளைக் கூடையில் போட்டுவிட வேண்டியதுதான்.